லண்டனில் ஒரு ரக்பி லீக் க்ளப்பை வேரூன்ற வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லண்டனில் ரக்பி என்று சொன்னால் பெரும்பாலோருக்கு டுவிக்கனம் மைதானம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஆடுவது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். இந்த வழிகாட்டி பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கைப் பற்றியது. அதன் தாய்மண் வடக்கே இருக்கிறது: விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீட்ஸ், வேக்ஃபீல்டு, ஹல் என்று எம்62 நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள். அங்கே தாத்தா ஆடிய க்ளப்பில் பேரன் ஆடுவான். லண்டனில் நீங்கள் கதவைத் தட்டும் வீடுகளில் இந்த ஆட்டத்தின் பெயரையே பலர் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் தெற்கு லண்டனில் ஒரு பிள்ளைகள் அணிக்குப் பெற்றோராகப் போனவன். பயிற்சி இடத்தைக் குறிக்கும் பிளாஸ்டிக் கூம்புகளை எடுத்து வைக்கப் போய், கோடு போடக் கற்றுக்கொண்டு, கடைசியில் கோச் ஆனேன். அந்த அனுபவத்தையும், இந்த நகரத்தில் இந்த ஆட்டம் பட்ட பாட்டையும் வைத்து எழுதுகிறேன். மெல்போர்னிலோ டொராண்டோவிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குவதற்கு முன்: இந்த நகரத்தில் ஏற்கெனவே என்ன நடந்தது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கீழே வரும் படிகளுக்கெல்லாம் காரணம் இதில்தான் இருக்கிறது.

1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திய க்ளப்புகள் கூடி, ரக்பி யூனியனை விட்டு விலகின. சனிக்கிழமை ஆட வரும் சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் அன்றைய கூலியை இழந்தார்கள். அந்தக் கூலியை ஈடுகட்ட க்ளப்புகள் விரும்பின. யூனியன் தலைமை மறுத்தது. அப்படிப் பிரிந்தவர்கள் மெல்ல ஆட்டத்தையே மாற்றினார்கள். 1906-ல் ஆட்டக்காரர்கள் 13 பேராகக் குறைந்தார்கள். சம்பளம் வாங்கிய லீக் ஆட்டக்காரரை யூனியன் 1995 வரை தன் பக்கம் சேர்க்கவே இல்லை. தெற்கே இந்த ஆட்டம் வளராமல் போனதற்கு அந்த நூறு வருடப் பகைக்குப் பெரிய பங்கு உண்டு.

லண்டனில் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1933-ல் விகன் ஹைஃபீல்டு அணியை அப்படியே தூக்கிவந்து வைட் சிட்டியில் விளக்கொளியில் ஆட வைத்தார்கள். ஒரே சீசனில் வடக்கே திரும்பிவிட்டது. 1935-ல் நாய்ப் பந்தயத் தொழிலில் இருந்த சிட்னி பார்க்ஸ் இரண்டு அணிகளைத் தொடங்கினார். ஒன்று ஆக்டன் அண்ட் வில்ஸ்டன், மற்றொன்று ஸ்ட்ரெத்தம் அண்ட் மிட்சம். இரண்டாவதற்கு நியூசிலாந்தின் புகழ்பெற்ற மாவோரி வீரர் ஜார்ஜ் நெப்பியாவையே கொண்டுவந்தார்கள். முதல் அணி ஒரு சீசனோடு சரி. அடுத்தது 1937-ல் மறைந்தது. இன்று நம் கடைகளும் கோயிலுக்குப் போகும் குடும்பங்களுமாக இருக்கும் அதே மிட்சம்தான். அங்கே ஒரு காலத்தில் நெப்பியா ஆடினார் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அப்புறம் 1980 செப்டம்பர் 14. ஃபுல்லம் கால்பந்து க்ளப்பின் தலைவர் எர்னி க்ளே தொடங்கிய ரக்பி லீக் அணி, க்ரேவன் காட்டேஜில் தன் முதல் ஆட்டத்தில் விகனை 24-5 என்று வீழ்த்தியது. 9,554 பேர் பார்த்தார்கள். சில மாதம் கழித்து வேக்ஃபீல்டுக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்கு 15,013 பேர் வந்தார்கள். ஆனால் ஆடியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வடக்கத்தியர்கள். நாலு வருடத்தில் அந்த மைதானம் போய்விட்டது.

அதன் பிறகு அந்த க்ளப் அலைந்த ஊர்களைப் பாருங்கள்: கிரிஸ்டல் பேலஸ், சிஸ்விக், திரும்பவும் கிரிஸ்டல் பேலஸ், பார்னெட், சார்ல்டன், டுவிக்கனம் ஸ்டூப், மறுபடி சார்ல்டன், ப்ரென்ட்ஃபர்ட், மறுபடி ஸ்டூப், மறுபடி பார்னெட், ஈலிங், 2022 முதல் விம்பிள்டன். பெயரும் நிற்கவில்லை. ஃபுல்லம், லண்டன் க்ரூசேடர்ஸ், லண்டன் ப்ரான்கோஸ், ஹார்லிக்வின்ஸ், திரும்பவும் ப்ரான்கோஸ். ஒரு குழந்தை அப்பாவோடு போய் ஆசைப்பட்டு ஒரு சட்டை வாங்கினால், அது வளர்ந்து பதின்வயதை எட்டும்போது க்ளப் நகரத்தின் மறுமுனையில் வேறு பெயரில் இருக்கும். 1999-ல் வெம்பிளியில் சாலஞ்ச் கோப்பை (லீக்கின் பெரிய நாக்அவுட் போட்டி) இறுதி ஆட்டம் வரை போனார்கள். 2018-ல் டொராண்டோவை 4-2 என்று வென்று, உச்சப் பிரிவான சூப்பர் லீக்குக்கு ஏறினார்கள். திறமைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. நிலையான இடம்தான் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சத்தமில்லாமல் ஒன்று பலித்தது. க்ரெனிச்சில் சிறுவர் அணியில் ஆடிய லூயி மெக்கார்த்தி-ஸ்கார்ஸ்புரூக் செயின்ட் ஹெலன்ஸ் போய்ப் பட்டங்கள் வென்றார். ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில் ஆடக் கற்ற டான் சார்ஜின்சன் விகனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார். க்ராய்டனில் இருந்து கிளம்பிய கை பியர்ஸ்-பால் விகன் வழியாக 2024-ல் நியூகாசில் நைட்ஸ் அணிக்காக ஆஸ்திரேலியாவின் உச்ச லீக்கான என்ஆர்எல்லில் ஆடினார். சிறு க்ளப்புகளில், வார இறுதியில் யாரோ கூம்பு எடுத்து வைத்ததால் நடந்தவை இவை.

ஆகவே நான் சொல்வது இதுதான்: ஒரு பரோவை (லண்டனின் ஒரு நிர்வாகப் பகுதியை) பிடித்துக்கொண்டு, அங்கேயே பத்து வருடம் இருங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: வரைபடத்தில் சின்ன வட்டம் போடுங்கள்

"லண்டன் அணி" என்று தொடங்க வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பயிற்சிக்குக் கூட்டிவர ஒரு தாய் இரண்டு பஸ் மாறமாட்டார். பயிற்சி இடத்திலிருந்து இருபது நிமிடத்தில் வரக்கூடிய தூரத்துக்கு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் எண்ணிப் பாருங்கள். பத்துப் பள்ளி தேறினால் போதும். அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே லீக் க்ளப் இருந்தால் புதிதாகத் தொடங்காதீர்கள். அதில் போய்ச் சேருங்கள்.

பெயரிலும் ஊர் இருக்கட்டும். விளம்பரதாரர் கேட்டார் என்று மாற்றாதீர்கள்.

படி 2: மைதானம்

நிறைய க்ளப்புகள் சாவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லீக் 1996-லிருந்து கோடையில் ஆடப்படுகிறது. 1997-ல் தெற்கே தொடங்கிய, அமெச்சூர் க்ளப்புகளுக்கான கான்ஃபரன்ஸ் போட்டியும் கோடையில்தான் நடந்தது. இது நமக்கு ஒரு பெரிய வசதி, கூடவே ஒரு பெரிய தலைவலி.

வசதி என்னவென்றால், யூனியன் க்ளப்புகளின் மைதானங்கள் மே முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் சும்மா கிடக்கும். எச் வடிவக் கம்பங்கள், உடை மாற்றும் அறை, சின்ன பார் எல்லாம் தயாராக இருக்கும். கோடையில் பாரில் வியாபாரம் இல்லாததால் அவர்களுக்கும் நம்மால் ஆதாயம். பழைய பகையை நினைத்துத் தயங்காதீர்கள். 1996-லேயே விகன் அணி டுவிக்கனத்துக்குப் போய் யூனியனின் ஏழு பேர் ஆடும் மிடில்செக்ஸ் செவன்ஸ் கோப்பையை வென்றுவந்தது. கதவு திறந்து பல வருடம் ஆகிவிட்டது. க்ளப் செயலரைப் பிப்ரவரியிலேயே போய்ப் பாருங்கள். "உங்கள் பையன்களுக்குக் கோடையில் ஓடியாட ஒரு வழி, உங்கள் பாருக்கு ஒரு கூட்டம்" என்று பேசுங்கள். அவர்களுடைய ஆட்களை இழுத்துக்கொள்ள வரவில்லை என்பது முதல் சந்திப்பிலேயே அவர்களுக்குப் புரிய வேண்டும்.

தலைவலி, கவுன்சில் பூங்காக்களில். கோடையில் அங்கே கிரிக்கெட். கால்பந்துத் தரையை மே மாதம் மூடி, புல் விதை தூவிவிடுவார்கள். எங்களுக்கு முதல் வருடம் ஒரு பூங்கா கிடைத்தது. ஏப்ரலில் மூன்று வாரம் ஆடினோம். நாலாவது வாரம் போனால் நடுவே கயிறு கட்டி, கிரிக்கெட் பிட்ச் உருட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பதிவுக் கடிதத்தில் தேதி இருந்தது, எந்தத் தரை என்று இல்லை. இருபத்திரண்டு பிள்ளைகள் பூட்ஸோடு நின்றார்கள். அடுத்த வாரம் வந்தவர்கள் பதினான்கு பேர். அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் திரும்பி வரவே இல்லை. அதனால் கடிதத்தில் தரையின் எண், ஒவ்வொரு தேதி, கழிப்பறைச் சாவி யாரிடம், மழையால் ரத்தானால் யார் எத்தனை மணிக்குள் சொல்வார்கள் ஆகியவற்றையெல்லாம் எழுதி வாங்குங்கள். ஒரே வருடத்துக்கு வாங்காமல் மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். கேட்டால் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

ஜூலையில் லண்டன் தரை கல்லாகக் காய்ந்துவிடும். அந்த மாதத்தில் டேக்கிள் (ஓடிவருபவரைப் பிடித்து வீழ்த்தும்) பயிற்சியைப் புல் அடர்த்தியாக உள்ள மூலையில் வையுங்கள், அல்லது பிடித்து வீழ்த்தாமல் இடுப்புப் பட்டையைப் பறிக்கும் டேக் ரக்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: காகித வேலை

சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் முதல் பிள்ளை வருமுன் முடிந்திருக்க வேண்டும். க்ளப் விதிமுறை ஒன்று எழுதுங்கள். இரண்டு பேர் கையெழுத்து வேண்டிய வங்கிக் கணக்கைத் தொடங்குங்கள். ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான ரக்பி ஃபுட்பால் லீக்கில் பதிவும் காப்பீடும் வேண்டும். பிள்ளைகளோடு நிற்கும் எல்லோருக்கும் டிபிஎஸ் சோதனை (குற்றப் பின்னணி இருக்கிறதா என்று பார்ப்பது), பிள்ளைகள் நலனுக்கென்றே பொறுப்பாளர் ஒருவர், முதலுதவி தெரிந்த ஒருவர், பயிற்சிச் சான்றிதழ் பெற்ற கோச் ஒருவர் ஆகியவை கட்டாயம். நல அலுவலரும் கோச்சும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கணவன் மனைவியாகவும் இல்லாமல் இருந்தால் நல்லது. வரி அலுவலகத்தில் சமூக அமெச்சூர் விளையாட்டு க்ளப்பாகப் பதிந்தால் நன்கொடைகளுக்கு கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகை கிடைக்கும்.

படி 4: பள்ளி வாசல்

பள்ளிக்கு ஒரே ஒரு நாள் போய் ஆடிக் காட்டிவிட்டு வருவதால் பயன் இல்லை. ஆறு வாரம், வாரம் ஒரு மணி நேரம், இடுப்பில் பட்டை கட்டி ஆடும் டேக் ரக்பி என்று போங்கள். ஆறாவது வாரம் நாலு பள்ளிகளை உங்கள் மைதானத்துக்கே வரவழைத்துச் சின்னப் போட்டி வையுங்கள். மைதானத்துக்கு வழி தெரிந்த பிள்ளைதான் திரும்பி வரும்.

ஏற்கெனவே விளையாட்டில் சுடர்விடும் பிள்ளைகள் கால்பந்து அகாடமிகளில் இருப்பார்கள். எதிலும் இடம் கிடைக்காத, கொஞ்சம் கனமான, ஓடத் தயங்கும் பிள்ளைகளைக் கவனியுங்கள். இந்த ஆட்டத்தில் அவர்களுக்கு முதல் நாளே வேலை இருக்கிறது.

பிள்ளைகளுக்கான சீசனை ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் லண்டன் காலி. நம் குடும்பங்கள் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விடும். நைஜீரியாவுக்கும் போலந்துக்கும் மற்றவர்கள். ஆகஸ்டில் ஆட்டம் வைத்து, ஆள் சேராமல் எதிரணிக்கு வெற்றியைத் தாரைவார்த்தால் பிள்ளைகள் மனம் உடைந்துபோகும்.

படி 5: முதல் நாலு பயிற்சி

யூனியன் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் பார்க்காதவர்களுக்கும் ஆட்டத்தை இப்படிச் சொல்லுங்கள்: உனக்கு ஆறு வாய்ப்பு. ஆறு முறை பிடிபடுவதற்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வை; நாலு புள்ளி. முடியாவிட்டால் பந்து அவர்களுக்கு. அவ்வளவுதான். கபடி தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

முதல் பயிற்சியில் ப்ளே தி பால் மட்டும் கற்றுக்கொடுங்கள். லீக்கின் இதயம் அதுதான். பிடிபட்டவர் எழுந்து, எதிரணிக் கோட்டைப் பார்த்து நின்று, பந்தைக் காலடியில் வைத்து, பாதத்தால் பின்னால் உருட்டிவிட வேண்டும். பின்னால் நிற்பவர் எடுத்து பாஸ் கொடுப்பார். நாங்கள் நாலு சொல் வைத்திருக்கிறோம்: எழு, நில், வை, உருட்டு. பிள்ளைகள் கத்திக்கொண்டே செய்வார்கள். பதற்றத்தில் நிற்பதற்கு முன்பே உருட்டுவார்கள். பந்து முழங்காலில் பட்டுப் பக்கவாட்டில் ஓடும். எங்களிடம் ஒரு சிறுமி இருந்தாள். பந்தைக் கீழே வைத்ததும் ஒரு நொடி உள்ளங்கையால் அதைத் தட்டிக்கொடுப்பாள், பூனையைத் தடவுவது போல. அப்புறம்தான் காலை வைப்பாள். அவள் பந்து ஒரு தடவைகூடப் பக்கவாட்டில் போனதில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டாவது, மூன்றாவது பயிற்சியில் டேக்கிள். இரண்டு பேரும் மண்டியிட்டபடி தொடங்குங்கள். யாருக்கும் விழ உயரமே இருக்காது. முதல் பாடம், தலை எங்கே இருக்க வேண்டும் என்பது. ஓடிவருபவரின் உடலுக்குக் குறுக்கே தலை போகக் கூடாது. பக்கவாட்டில், கன்னம் அவர் இடுப்போடு ஒட்ட, கண் திறந்திருக்க வேண்டும். அப்புறம் தோள், அப்புறம் இரண்டு கைகளின் பிடி. மண்டியில் சரியாக வந்த பிறகு நடந்து வரட்டும். நடந்து சரியாக வந்த பிறகு ஓடி வரட்டும். அவசரப்படாதீர்கள். தலையை எங்கே வைப்பது என்று தெரியாத பிள்ளையை ஆட்டத்தில் இறக்குவது நம் தவறு.

நாலாவது நாள் சின்ன மைதானத்தில் ஆட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு 3-ஆம் எண் பந்து, கொஞ்சம் பெரியவர்களுக்கு 4, பெரியவர்களுக்கு 5.

படி 6: பெற்றோர்

முதல் மாதமே ஒரு அக்கா வந்து கேட்டார், "தம்பி, பிள்ளைக்குப் பல்லு கில்லு உடையாதோ?" சிரித்து மழுப்பக் கூடாத கேள்வி. "அக்கா, மௌத்கார்டு (பல்லுக்கான காப்பு) இல்லாமல் யாரையும் இறக்கமாட்டோம். அடிபடும், சிராய்ப்பு வரும். தலையில் அடிபட்டால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது, அவனே கெஞ்சினாலும்" என்றேன். அவர் மூன்று வாரம் கோட்டோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது சனிக்கிழமை காலை தேநீர் அவர் பொறுப்பு.

தலைக்காயத்தைப் பற்றித் தெளிவாக இருங்கள். 2023-ல் பிரிட்டனில் வந்த பொது வழிகாட்டுதலின்படி, சந்தேகம் வந்தாலே வெளியே உட்கார வைக்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. எந்த அறிகுறியும் இல்லாமல் 14 நாள் கழிந்த பிறகே உடல் மோதும் பயிற்சி. போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள். இதை அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். எவ்வளவு பெரிய ஆட்டமானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 7: பெரியவர்கள், பெண்கள், சக்கர நாற்காலி

பெரியவர் அணி இல்லாத க்ளப்புக்குப் பதினேழு வயதில் ஆட்கள் போய்விடுவார்கள். லண்டனில் வேலை பார்க்கும் வடக்கத்தியர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர் தேடிக்கொண்டு வருவார்கள், அவர்கள் வரட்டும். ஆனால் அவர்களை மட்டும் நம்பி அணி கட்டினால், விசா முடியும்போது அணியும் முடியும். வரும் ஒவ்வொருவரிடமும் மாதம் ஒரு நாள் சிறுவர் பயிற்சிக்கு வருவதாகச் சொல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டத்தோடு வளர்ந்த ஒரு ஆள் பந்து பாஸ் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய பாடம். லண்டன் ஸ்கோலர்ஸ் 1995-ல் மாணவர் லீக்கில் ஆடிய பழைய ஆட்களால் தொடங்கி, 2003 முதல் 2023 வரை தொழில்முறைப் போட்டியில் நின்றது. ஆகவே பல்கலைக்கழகங்களையும் விடாதீர்கள்.

பெண்கள் அணியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். தங்கைகள் கோட்டோரம் நிற்பார்கள். அவர்களைத்தான் முதலில் சேர்க்க வேண்டும்.

சக்கர நாற்காலி லீக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. அணிக்கு ஐந்து பேர். ஆணும் பெண்ணும், மாற்றுத்திறனாளியும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடலாம். டேக்கிளுக்குப் பதிலாகத் தோளில் ஒட்டிய பட்டையைப் பறிக்க வேண்டும். உள்ளரங்கம் என்பதால் மழையும் கிரிக்கெட்டும் தொந்தரவு இல்லை. 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து தன் தொடக்க ஆட்டங்களை ஸ்ட்ராட்ஃபோர்டின் காப்பர் பாக்ஸில் ஆடியது. பிறகு மான்செஸ்டரில் நடந்த இறுதியில் பிரான்ஸை 28-24 என்று வென்றது. லண்டனில் நடந்த லீக் ஆட்டங்களில் எனக்கு மிகப் பிடித்தவை அந்தக் காப்பர் பாக்ஸ் ஆட்டங்கள்தான். நாற்காலிகள் விலை அதிகம் என்பதால் ஏற்கெனவே இருக்கும் அணியோடு கைகோர்த்துத் தொடங்குங்கள்.

படி 8: பெரிய க்ளப், பெரிய ஆட்டம், பெரிய பணம்

பெரிய க்ளப் வந்தால் வேர் தானாகப் பிடிக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். மெல்போர்ன் ஸ்டார்ம் 1998-ல் ஆடத் தொடங்கி 1999-லேயே பட்டம் வென்றது. அப்படியும் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த முதல் வீரரான மாஹே ஃபோனுவா அந்த அணிக்காக ஆட 2012 ஆயிற்று. டொராண்டோ வுல்ஃப்பேக் 2017-ல் ஆடத் தொடங்கி, சூப்பர் லீக் வரை ஏறி, 2020 ஜூலையில் பாதி சீசனில் விலகியது. பணமும் பெயரும் இருந்தன. ஊர்ப் பிள்ளைகள் அணியில் இல்லை. லண்டன் ப்ரான்கோஸ் 2023-ல் ஆடி வென்று மேலே ஏறிய அதே மாதத்தில், மைதானம், ரசிகர், வருமானம் ஆகியவற்றை அளக்கும் புதிய தரவரிசையில் 24-ஆம் இடம் பெற்றது. 2024 முடிவில் இறங்க வேண்டியதாயிற்று. ஆடுகளத்தில் வென்றாலும் ஊரில் வேர் இல்லையென்றால் என்னவாகும் என்பதற்கு இதைவிட வலிக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது.

இருந்தாலும் பெரிய ஆட்டங்களைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். வெம்பிளியில் 1929 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் சாலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம் நடந்துவருகிறது. ஈலிங் ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது கொஞ்சம் நடந்து ஸ்டேடியப் பக்கம் போய்ப் பாருங்கள். ஐந்து லீக் வீரர்கள் சிலையாக நிற்கிறார்கள். அதில் மார்ட்டின் ஆஃபையா ஹாக்னியில் பிறந்தவர், லண்டன்காரர். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். பெரிய ஆட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை பொதுப் பயிற்சி என்று அச்சடித்த காகிதத்தோடு போங்கள். அந்த ஒரு வாரம்தான் ஊர் முழுக்க இந்த ஆட்டம் பேச்சில் இருக்கும்.

படி 9: உங்கள் ஆளே நடுவராக வேண்டும்

தெற்கே நடுவர் கிடைக்காமல் ரத்தாகும் ஆட்டங்கள் அதிகம். காயத்தால் ஆட முடியாத பதினாறு வயதுப் பையனையோ, கோட்டோரம் நின்று எல்லா விதியும் பேசும் அப்பாவையோ நடுவர் வகுப்புக்கு அனுப்புங்கள். கட்டணத்தை க்ளப் கொடுக்கட்டும். முதல் ஆண்டு சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஊதட்டும். அவரைத் திட்டும் பெற்றோரை, யாராக இருந்தாலும், வெளியே அனுப்புங்கள்.

நல்ல ஆட்டக்காரனைப் பெரிய க்ளப் அகாடமிக்கு அழைத்தால் தடுக்காதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக் கொண்டுபோய் விடுங்கள். திரும்பி வந்தால் கூம்பு எடுத்து வைக்க அவனுக்குச் சாவி எங்கே என்று தெரிந்திருக்கட்டும்.

சீசன் முடிந்ததும் செப்டம்பரில் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். கணக்கைப் படித்துக் காட்டி, பொருளாளரை மாற்ற வேண்டுமானால் அப்போதே மாற்றுங்கள். அக்டோபரில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகுமுன் அடுத்த கோடைக்கான தரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தரை எண்ணோடு.